திறந்த கதவா, மர நிழலா? கறிக்கோழியின் மூன்று வாழ்க்கைகள்

வேளச்சேரியில் நான் கறி வாங்கும் கடையில் மூன்று விதமான கோழி கிடைக்கிறது. எல்லா நாளும் பிராய்லர், ‘திறந்தவெளியில் வளர்ந்தது’ என்று ஒட்டிய பாக்கெட் கோழி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிராமத்திலிருந்து வரும் நாட்டுக்கோழி. விலை இந்த வரிசையில் ஏறுகிறது. கோழி படும் பாடும் இதே வரிசையில் குறைகிறதா என்பதுதான் என் கேள்வி.

முதலில் பிராய்லர். ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ. ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள், அது உண்மையில்லை. பல தலைமுறைகளாக வேகமாக வளரும் கோழிகளையே பொறுக்கி இனம் பெருக்கியதன் விளைவு அது. கம்பிவலை அடித்த கொட்டகை, தரையில் உமி அல்லது தேங்காய் நார்க்கழிவு, ஒரு கோழிக்குச் சுமார் ஒரு சதுர அடி. தீவனமும் தடுப்பூசியும் நேரத்துக்குக் கிடைக்கும், கீரி வராது. ஆனால் உடம்பு வளரும் வேகத்துக்குக் கால் ஈடு கொடுப்பதில்லை. கடைசி வாரத்தில் பெரும்பாலான நேரம் படுத்தே கிடக்கும். தரைக்கூளம் ஈரமானால் அம்மோனியா கிளம்பி, பாதமும் கணுக்காலும் புண்ணாகும். சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்.

இதற்கு மாற்றாகத்தான் இரண்டாவது கோழியை நான் ஒரு வருஷம் வாங்கினேன், ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கொடுத்து. போன மே மாதம் மதுராந்தகம் பக்கம் அது வளரும் பண்ணையைப் பார்க்கப் போனேன். காலை பதினொரு மணி. கொட்டகைக் கதவு அகலத் திறந்திருந்தது, வெளியே அரை ஏக்கர் வேலி போட்ட நிலம். அதில் ஒரு கோழி கூட இல்லை. எல்லாம் வாசலுக்கு உள்ளே நிழலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் கோழிகள் செய்ததுதான் சரி.

கோழியின் மூதாதை காட்டுக்கோழி. புதரும் மரமும் உள்ள இடத்தில் வாழ்ந்த பறவை, தலைக்கு மேல் பருந்து வரும் என்ற பயம் அதன் ரத்தத்தில் ஊறியது. பொட்டல் வெளி அதற்குச் சுதந்திரம் இல்லை, ஆபத்து. நிழலும் மறைப்பும் இருந்தால் நடக்கும், கிளறும், மண்ணில் புரளும், அதுவும் காலையிலும் சாயங்காலமும்தான் அதிகம். கதவைப் பத்து மணிக்குத் திறந்துவிட்டு நாலு மணிக்கு மூடினால் கோழிக்கு நல்ல நேரம் இரண்டும் போய்விடும். அப்புறம் இனம். அந்தப் பண்ணையில் இருந்ததும் வேகமாக வளரும் பிராய்லர்தான். உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கவே சிரமப்படும் கோழிக்குத் திறந்த கதவு எதற்கு?

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் இதற்குத் தெளிவான படிகள் உண்டு. ‘ஃப்ரீ ரேஞ்ச்’, அதாவது திறந்தவெளியில் வளர்ந்தது என்று விற்க, கோழி வாழ்நாளில் பாதியாவது பகல் முழுக்க வெளியே போக வழி வேண்டும், தலைக்கு ஒரு சதுர மீட்டர் நிலம், அதில் பெரும்பகுதி செடிகொடி, குறைந்தது 56 நாள் வயது. அதற்கு மேற்படியான ‘பாரம்பரிய’ வகைக்கு மெதுவாக வளரும் இனமே வேண்டும், தலைக்கு இரண்டு சதுர மீட்டர், 81 நாள். நிலத்தோடு செடியையும் வயதையும் இனத்தையும் சேர்த்துக் கேட்கிறார்கள். நம் ஊர்ப் பாக்கெட்டில் இவை எதுவும் இருப்பதில்லை.

மூன்றாவது, கொல்லைப்புற நாட்டுக்கோழி. ஒன்றேகால் கிலோ வர ஐந்து மாதம் ஆனாலும், அதில் ஒவ்வொரு நாளும் குப்பைமேட்டைக் கிளறி, கறையான் பொறுக்கி, இருட்டினால் பஞ்சாரத்துக்குள் அடங்கும் வாழ்க்கை. பார்க்க மனசு நிறையும். ஆனால் குஞ்சுகளில் பாதியைக் காக்காயும் பருந்தும் கீரியும் கொண்டுபோவது பல வீடுகளில் சாதாரணம். வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் தெருவில் உள்ள கோழியெல்லாம் காலி. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டால் பெருமளவு காப்பாற்றலாம், விடுபவர்கள் குறைவு. கடைசிப் பயணம் இன்னும் மோசம்: காலைக் கட்டி, வண்டி ஹேண்டிலில் தலைகீழாகத் தொங்க விட்டுக் கொண்டுவருகிறார்கள். வதைபடும்படி விலங்கை ஏற்றிச் செல்வது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

என் கணக்கில் மரமில்லாத நிலத்தில் வளர்ந்த பிராய்லர் அந்த இரண்டு மடங்கு விலைக்குத் தகாது. நன்றாகப் பராமரித்த கொட்டகைக் கோழியைவிட அது சுகமாக வாழ்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கொடுக்கிற காசு மெதுவாக வளரும் கோழிக்கும் நிழலுக்கும் போகட்டும். சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகையோ, நம் நந்தனத்துக் கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நந்தனம் கோழி போன்ற ரகமோ, தடுப்பு மருந்து போட்டு, ராத்திரி பத்திரமாக அடைத்து வளர்த்தால் நான் சந்தோஷமாக வாங்குவேன். கடையில் கேட்க வேண்டியது மூன்று: என்ன இனம், எத்தனை நாள், நிலத்தில் மரம் உண்டா.

மதுராந்தகம் பண்ணைக்காரரிடம் இதை நேராகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “சார், முதல்ல முருங்கைப் போத்து நட்டுப் பார்க்கிறேன், சீக்கிரம் நிழல் கொடுக்கும்” என்றார். மழை முடிந்து தை மாதம் மறுபடி போகிறேன், இந்த முறை காலை ஆறரைக்கே.