ரங்கூனில் பேஸ்புக் பக்கம் பார்த்துக்கொடுக்கும் சேவை: பலகாரக் கடையிலிருந்து ஒரு மதிப்பீடு

எங்களுடையது காளி கோயில் பக்கம் ஒரு பலகாரக் கடை. மாமியார் காலத்தில் முறுக்கு, தட்டை, அதிரசம், மிக்சர். இப்போது தோசை மாவும் சாம்பார்ப் பொடியும் சேர்ந்திருக்கின்றன. வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் பர்மாக்காரர்கள்தான். தோசையை தோஷே என்று சொல்லிச் சாப்பிடுகிறவர்கள், சமூசாவைப் பிய்த்துப் போட்டு சாலட் செய்கிறவர்கள். அவர்களுக்கு நம் பலகாரத்தை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கடை இங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும்.

அதைச் சொல்வதற்காக, பேஸ்புக் பக்கத்தை நடத்திக்கொடுக்கும் ஒரு குழுவைப் பிடித்தோம். நாலு பிள்ளைகள், இரண்டு லேப்டாப், ஒரு கேமரா. மாதம் நாலு லட்சம் கியாட். பூஸ்ட், அதாவது காசு கட்டிப் பதிவை விளம்பரமாக நிறையப் பேருக்குக் காட்டுவது, அதற்குப் போகிற டாலர் தனிக் கணக்கு. நம் கடைக்காரர்கள் பலர் "எப்படி இருக்கு, கொடுக்கலாமா" என்று கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. குழுவின் பெயரை எழுதப்போவதில்லை. விசாரித்துப் பார்த்ததில் மற்றக் குழுக்களிடமும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் எடுப்பதற்கும் மெசஞ்சரில் பதில் சொல்வதற்கும் கொடுத்த காசு தகும். பூஸ்ட் பெரும்பாலும் ஆற்றில் கரைத்த புளி. வாடிக்கையாளர் குறை சொன்னால் அதைச் சமாளிக்கும் வேலையை மட்டும் அவர்களிடம் விடவே கூடாது.

ஆரம்பம் சிரிப்பாகத்தான் இருந்தது. முதலில் அனுப்பிய தீபாவளி டிசைனில் தாஜ்மகால். பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு ராஜஸ்தான்காரர், கையில் லட்டு. நாங்கள் லட்டு விற்பதே இல்லை. எங்கிருந்தோ இறக்கிய படம். "இந்தியான்னா இதுதானே, அன்ட்டி" என்றான் குழுவை நடத்தும் பர்மியப் பையன். முறுக்குக்கும் ஷாஜகானுக்கும் என்ன சம்பந்தம் என்று அவனிடம் வாதாடவில்லை. கடைக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார் என்று கூப்பிட்டேன். வந்தான். அதற்குப் பிறகு எடுத்த படங்களில் குறையே சொல்ல முடியாது. மாமியாரின் மர முறுக்கு அச்சு, மாவு படிந்த நாத்தனார் கை, எண்ணெயிலிருந்து கம்பியில் கோத்து எடுக்கும் முறுக்கு. மின்சாரம் முறை வைத்து வருகிற ஊர் இது. விளக்கில்லாத நேரத்தில் வாசல் வெளிச்சத்தை மட்டும் நம்பி எடுத்த படங்கள்தான் எல்லாவற்றையும்விட நன்றாக வந்தன. தட்டையை ஒடிக்கும் சத்தத்தை மட்டும் வைத்து, பாட்டு எதுவும் சேர்க்காமல், ஒரு சின்ன வீடியோ செய்தான். அதைப் பார்த்துவிட்டு இன்செயினிலிருந்து ஒரு அம்மா டாக்சி பிடித்து வந்தார்.

பூஸ்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பணம் போகிற இடம் அதுதான். பேஸ்புக்குக்கு டாலரில் கட்ட வேண்டும். எங்கள் வங்கி அட்டை அதற்கு உதவவில்லை. குழு தன் வழியில் கட்டிவிட்டு நம்மிடம் கியாட்டாக வாங்கிக்கொள்கிறது. 2022 ஆகஸ்டில் மத்திய வங்கி டாலருக்கு 2,100 கியாட் என்று விலை வைத்தது. அந்த விலைக்கு டாலர் கிடைத்த கடைக்காரர் யாரையாவது தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். வெளிச்சந்தை விலை அதைப்போல் இரண்டு மடங்கு, குழு அதற்கும் மேலே கொஞ்சம் வைத்துப் போடுகிறது. தப்பென்று சொல்லவில்லை, அவர்களும் வாங்கித்தானே கட்டுகிறார்கள். ஆனால் பில்லில் "பூஸ்ட் 30 டாலர்" என்று மட்டும் இருந்தால், எந்த விலையில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

சரி, அந்த விளம்பரம் யார் கண்ணில் படுகிறது? 2021 பிப்ரவரி 4 முதல் இங்கே பேஸ்புக் அடைப்பு. அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகிற விபிஎன் ஆப் போட்டால்தான் திறக்கும். விபிஎன் போட்ட போன் சிங்கப்பூரிலோ ஹாலந்திலோ இருப்பதாகக் காட்டும். "ரங்கூன், பெண்கள், 25 முதல் 55 வயது" என்று குறி வைத்து விளம்பரம் போட்டால், ரங்கூன் லாத்தாப் பகுதியில் உட்கார்ந்து போன் பார்க்கிற பெண் அந்தக் குறிக்குள் வருவாளா என்பதே சந்தேகம். "பேஸ்புக் அதை மட்டும் பார்க்காது அன்ட்டி, புரொபைல்ல போட்டிருக்கிற ஊரையும் பார்க்கும்" என்றான் பையன். இருக்கலாம். மாதக் கடைசியில் வந்த அறிக்கையில் எண்பதாயிரம் பேர் பார்த்ததாக இருந்தது, வண்ண வண்ண வட்டங்களோடு. ஆர்டரை நான் நோட்டில் எழுதி வைக்கிறவள். பூஸ்ட் போட்ட வாரங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்தது ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, அதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். பூஸ்ட் போடும்போதே எதற்காகப் போடுகிறோம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். லைக்குக்காக என்று போட்டால், எதைப் பார்த்தாலும் லைக் தட்டும் ஆட்களாகத் தேடிப்பிடித்து பேஸ்புக் காட்டும். அவர்கள் முறுக்கு வாங்க வருகிறவர்களாக இருக்க வேண்டியதில்லை. மெசேஜுக்காக என்று போட்டால் எண்ணிக்கை படுத்துவிடும், ஆனால் விலை கேட்கிறவர்கள் வருவார்கள். குழு முதல் வகையையே போட்டுக்கொண்டிருந்தது. அறிக்கை அழகாக இருக்கும் அல்லவா! மாற்றச் சொன்ன பிறகு மெசேஜ் நிஜமாகவே கூடியது.

2024 மே கடைசியில் விபிஎன்களையும் அடைக்க ஆரம்பித்தார்கள். 2025 ஜனவரி 1 அன்று வந்த சைபர் பாதுகாப்புச் சட்டத்தில், அனுமதியில்லாமல் விபிஎன் சேவை நடத்துகிறவருக்குத் தண்டனை உண்டு. அதைப் பற்றி இவ்வளவு போதும். டேட்டா விலையும் 2022 ஜனவரியில் வரி ஏற்றியதிலிருந்து கையைக் கடிக்கிறது. நீளமான வீடியோ போட்டால் பார்க்கிறவரின் காசுதான் கரைகிறது, எடுக்கிறவர்கள் அதை நினைப்பதேயில்லை. எங்கள் வீடியோ எதுவும் 20 விநாடிக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இவ்வளவு தொல்லை இருக்கும்போது ஏன் பேஸ்புக்கையே பிடித்துத் தொங்குகிறீர்கள் என்று சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் கேட்கிறான். அங்கே இருந்து பார்த்தால் புரியாது. 2014-இல் ஊரிடுவும் டெலினாரும் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் விற்றபோது இந்த நாடு போன் வாங்கியது, போனோடு பேஸ்புக்கையும் வாங்கியது. முதல் போனை வாங்கிய எத்தனையோ பேருக்கு இன்டர்நெட் என்றாலே பேஸ்புக்தான். அதில் இல்லாத கடை அவர்கள் கணக்கில் திறக்காத கடை. காசு கட்டாமல் பதிவு மட்டும் போட்டுக்கொண்டிருக்கலாமே என்றால், 2018 ஜனவரியில் சொந்தபந்தம், நண்பர்கள் பதிவுக்கே முதலிடம் என்று பேஸ்புக் மாற்றிய பிறகு கடைப் பக்கங்களின் பதிவு பின்னால் போய்விட்டது.

எழுத்து வேலையில் பிள்ளைகள் கெட்டி. 2019 அக்டோபரில், போனில் பர்மியம் எழுதும் பழைய ஸாஜீ முறையிலிருந்து யூனிகோடுக்கு நாடு மாறியதற்கு முன் நாங்கள் போட்டிருந்த பழைய பதிவுகள் சில போன்களில் கோணல்மாணலாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் உட்கார்ந்து மாற்றிக்கொடுத்தார்கள், அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை. கொண்டைக்கடலை சுண்டல் பதிவு போடும்போது மட்டும் பையன் கொஞ்சம் தயங்கினான். 2017-இல் நம்மைப் போன்றவர்களை இழிவாகச் சொல்லும் பர்மியச் சொல்லைப் பேஸ்புக் தடுத்தபோது, அதே எழுத்துகளில் தொடங்கும் கொண்டைக்கடலையின் பெயரும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. கடலையைப் பற்றி எழுதிய பதிவுகள்கூடக் காணாமல் போயின. பர்மாவில் வன்முறையைத் தூண்டத் தங்கள் தளம் பயன்பட்டதைத் தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று 2018-இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். தடுக்க வேண்டியதை விட்டுவிட்டுக் கடலையைப் பிடித்திருக்கிறார்கள். எங்கள் சுண்டலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இனி குறைக்கு வருகிறேன். தீபாவளி முடிந்த கையோடு ஒரு பெண் கமென்ட் போட்டார். வாங்கிய மிக்சரில் சிக்கு வாடை அடிக்கிறது என்று, படத்தோடு. நான் பார்ப்பதற்குள் குழு அதை அழித்துவிட்டது. அழித்தது போதாதென்று அவரைப் பிளாக்கும் செய்துவிட்டது. "நெகட்டிவ் கமென்ட் இருந்தா பேஜுக்கு நல்லதில்லை அன்ட்டி" என்று விளக்கம் வேறு. அந்தப் பெண் சும்மா இருப்பாரா? முன்பே எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டை, ரங்கூன் சாப்பாட்டுப் பிரியர்கள் கூடும் ஒரு பெரிய குரூப்பில் போட்டுவிட்டார். மிக்சர் கெட்டுப்போன சேதி எங்கள் பக்கத்தில் பத்துப் பேருக்குத் தெரிந்திருக்கும். வாயை அடைத்த சேதி ஆயிரம் பேருக்குப் போனது. இந்தக் கடையில் இனி வாங்காதீர்கள் என்று எழுத ஆரம்பித்தார்கள். 2021-க்குப் பிறகு இந்த ஊரில் அப்படிச் சொன்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ராணுவத்தோடு தொடர்புள்ளது என்பதற்காகப் பேர்போன பீரையே கடைகள் அலமாரியிலிருந்து இறக்கியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பலகாரக் கடைக்கு அந்த அளவுக்கு வராது, ஆனாலும் அன்றிரவு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

குழு அடுத்துச் சொன்ன யோசனை அதைவிட மோசம். தெரிந்த கணக்குகளிலிருந்து ஐம்பது பேரை "ருசி பிரமாதம்" என்று எழுதவைக்கலாமாம், ஆளுக்கு இவ்வளவு கியாட் என்று ரேட் இருக்கிறது. நண்பர்களே இல்லாத கணக்கு, முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ, ஐம்பது பாராட்டும் ஒரே மணி நேரத்தில். இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் மூளை வேண்டாம். பேஸ்புக் விதிப்படியும் அது கூடாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் சொந்தக் கணக்கிலிருந்து அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். பாக்கெட்டில் ஒட்டியிருந்த தேதியை வைத்துத் தேடினால், டெலிவரிக்காரர்களின் கிடங்கில் வெயிலில் கிடந்துவிட்டுப் போன பொட்டலம் அது. புது மிக்சர் அனுப்பினோம். அந்தக் குரூப்பிலேயே, என் பெயரில், நடந்ததை மூன்று வரியில் பர்மியத்தில் எழுதினேன், கமென்ட்டை அழித்ததையும் சேர்த்து. "கிடைத்தது, நன்றி அன்ட்டி" என்று அவர் கீழே போட்டார். அதற்குக் கீழே நாலைந்து பேர் விலை கேட்டார்கள். அதில் ஒருவர் தோசை மாவுக்கு இன்றுவரை வந்துகொண்டிருக்கிறார்.

அன்றைக்கே குழுவிடமிருந்து கமென்ட் அதிகாரத்தை எடுத்துவிட்டேன். பதிவு போட, மெசேஜுக்குப் பதில் சொல்ல, கமென்ட் பார்க்க, விளம்பரம் போட என்று பேஸ்புக்கில் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியும். முழு அதிகாரத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, சண்டை வந்து பிரிந்தபின் சொந்தப் பக்கத்துக்குள்ளேயே நுழைய முடியாமல் நிற்கும் கடைக்காரர்களை எனக்குத் தெரியும். முழு அதிகாரம் வீட்டு ஆள் கையில் இருக்கட்டும்.

மெசஞ்சரில் பதில் சொல்லும் பிள்ளையை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பாராட்டலாம். தன்லினிலிருந்து வரும் நம் பொண்ணு. பர்மியமும் தமிழும் ஒரே வேகத்தில் வரும். வயசான பர்மியரிடம் பேசும்போது பேருக்கு முன்னால் மரியாதைக்கு ஊ, டோ போடத் தவறமாட்டாள், நம் ஆட்களிடம் மாமா, அத்தை. இங்கே கடைப் பக்கங்களில் விலை கேட்டால் "சிபி" என்று இரண்டு எழுத்துப் போட்டு உள்பெட்டிக்கு இழுப்பார்கள். எனக்கு அது பிடிக்காது, ஒளித்துச் சொல்ல இது என்ன தங்கமா? விலையை வெளியிலேயே எழுதச் சொன்னேன். அவளாகவே டெலிவரி நாளையும், போனிலேயே கேபிஇசட் பே ஆப்பில் கட்டலாமா, வீட்டில் வாங்கிக்கொண்டு கொடுக்கலாமா என்பதையும் சேர்த்து எழுத ஆரம்பித்தாள். திருப்பித் திருப்பிக் கேட்பது நின்றது.

டிக்டாக்கில் சாப்பாட்டு வீடியோ போடும் ஒருவரைக் கூட்டிவரவா என்றும் கேட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு சாப்பிடுவாராம், வாங்கியதைச் சொல்லமாட்டாராம். சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணைச் சொருகும் வீடியோக்களை நாங்களும் இங்கே உட்கார்ந்து பார்க்கிறோம். எந்த அத்தோக்காரர் எவ்வளவு கொடுத்தாரோ என்றுதான் இப்போது தோன்றுகிறது, கெட்ட புத்தி. வருகிறவர் தன் காசில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தோன்றியதைச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவுக்கும் நடுவில் வாராவாரம் பொட்டலத்தை நகர்த்துவது வைபர் குரூப்தான். கடைக்கு வந்து எண் கொடுத்துவிட்டுப் போனவர்கள் மட்டும் அதில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாளைக்கு என்ன பலகாரம் என்று ஒரு படம், ஒரு விலை. அதற்கு எந்தக் குழுவும் வேண்டாம்.

இப்போது குழுவிடம் முழுச் சேவையை நிறுத்திவிட்டு, படம், வீடியோ, அந்தப் பொண்ணு அரை நாள், இந்த மூன்றை மட்டும் 2,20,000 கியாட்டுக்கு வைத்திருக்கிறோம். பூஸ்ட் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும், அதுவும் மெசேஜ் வகையில். புதுக் கடை திறக்கிறவர்களுக்கு ஆரம்பத்தில் கொஞ்ச காலம் முழுச் சேவையும் உதவும். முதலில் சொல்லும் விலைக்குச் சம்மதிக்காதீர்கள். மழைக்காலத்தில் போய்ப் பேசுங்கள், அப்போது அவர்களுக்கு வேலை குறைவு, நன்றாகவே இறங்கி வருவார்கள்.