குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஒரு தட்டு: பொது சுகாதாரப் பரிசோதனை பற்றி

கொழும்பில் கடலோரமாக உள்ள எங்கள் தொடர்மாடிக்கு, யூன் மாத மழை விட்ட மறுநாள் காலை, டெங்கு நுளம்பு பெருகும் இடங்களைத் தேடிப் பொது சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் உதவியாளருடன் வந்திருந்தார். முன்னறிவித்தல் இல்லை. அறிவித்துவிட்டு வந்தால் வாளிகள் அன்றைக்கு மட்டும் கவிழ்ந்து கிடக்கும் என்பதால் அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கேட்காமலே அடையாள அட்டையைக் காட்டினார். சப்பாத்தை வாசலில் கழற்றினார்.

பூச்சாடித் தட்டுகளை முதல்நாளே கழுவியிருந்த தெம்பில் நான் நின்றேன். அவரோ அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே குசினிக்குப் போய், குளிர்சாதனப் பெட்டியை முன்னே இழுக்கச் சொல்லி, உருகிய நீர் வடிந்து சேரும் பின்புறத் தட்டில் டோர்ச் அடித்தார். ஆறு வருடமாகப் பாவிக்கும் பெட்டியில் அப்படியொரு தட்டு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெளிச்சம் பட்டதும் நாலைந்து நுளம்புக் குடம்பிகள் நெளிந்து அடிக்கு இறங்கின. அவற்றை உறிஞ்சிச் சிறு போத்தலில் இட்டபடியே, முட்டை நுளம்பாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும் என்றும், டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் முட்டைகள் காய்ந்த ஓரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும் என்பதால் தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும் என்றும் விளக்கினார். எப்போது புகை அடிப்பீர்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்கு, புகை பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும், தட்டில் இருப்பதைக் கொல்லாது என்றார்.

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வீட்டில் குடியிருப்பவரே பொறுப்பு என்பதால் எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தார். 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்குவுக்கு ஆளானதையும், அந்த ஆண்டு எங்கள் மாடியிலேயே இருவர் வைத்தியசாலையில் கிடந்ததையும் நினைத்தால், இந்தக் கண்டிப்பு எனக்கு அதிகமாகப் படவில்லை. ஆனால் அந்தத் தாள் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. தமிழும் அரசகரும மொழியாகி 1987 தொடக்கம் இத்தனை காலமாகியும், அந்தத் தாளைக் கீழே இருந்த காவலாளியிடம் கொடுத்து வாசிப்பித்துக்கொண்டேன்.

என் பெரிய மனக்குறை வேறு. எங்கள் வீட்டுக்குள் வரும் எலியும் கரப்பான் பூச்சியும் கீழ்த்தளக் குப்பை அறையிலிருந்தும், மூடி உடைந்த கழிவுநீர்க் கானிலிருந்தும் குழாய் வழியாக ஏறி வருகின்றன. எலிக்காய்ச்சல் வயல்காரருக்கு மட்டும் உரிய நோய் என்று நினைப்பவர்கள், எங்கள் துப்புரவுத் தொழிலாளி செருப்பில்லாமல் அந்தக் கானுக்குள் நிற்பதை ஒருமுறை பார்க்க வேண்டும். பரிசோதகரை அங்கே அழைத்துச் சென்றபோது, அது முகாமைத்துவக் குழுவின் பொறுப்பு என்றார். குழுவோ மாநகர சபையைக் கைகாட்டுகிறது. தனி வீட்டுக்காரருக்கு உடனே நீளும் எச்சரிக்கைத் தாள், எல்லோருக்கும் பொதுவான இடத்துக்கு மட்டும் ஏன் நீளவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

சொன்ன தேதியில் அவர் மறுபடி வந்தார். தட்டு காய்ந்திருந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டே கையெழுத்திட்டார். வீட்டுக்குள் நடந்த வேலைக்குப் பத்தில் ஒன்பது கொடுப்பேன். கீழ்த்தளத்துக்கு இரண்டு, அதுவும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனதற்காக.