நாலு வருஷமாக என்னோடு உழைக்கும் பழைய திங்க்பேட் டி480

2022 மார்ச்சில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய லேப்டாப் கடையில் 23,500 ரூபாய்க்கு வாங்கிய லெனோவோ திங்க்பேட் டி480-இல்தான் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில். தினமும் எட்டு மணி நேரம் தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவளுக்குக் கண் வலிக்காத திரையும் விரல் வலிக்காத விசைப்பலகையும்தான் முக்கியம். இரண்டும் நன்றாக அமைந்த புது லேப்டாப் அப்போது என் கைக்கு எட்டாத விலையில் இருந்தது.

டி480 2018-இல் வந்த மாடல். கம்பெனிகளில் மூன்று நான்கு வருஷம் ஓடிவிட்டு, மொத்தமாகக் கைமாறி இந்த மாதிரிக் கடைகளுக்கு வந்துசேரும். எனக்குக் கிடைத்ததில் ஐ5-8250யூ பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (பழைய வகைச் சேமிப்பகம்), 1366x768 திரை. பழசில் ஏன் குறிப்பாக இதைத் தேடினேன் என்றால், அடுத்த வருஷம் வந்த டி490-இல் ரேமில் ஒரு பகுதியைப் போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள், வெளியே கழற்றும் பேட்டரியையும் எடுத்துவிட்டார்கள். டி480-இல் இரண்டு ரேம் ஸ்லாட், உள்ளே ஒரு பேட்டரி, வெளியே ஒரு பேட்டரி. நாமே திறந்து நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துச் செய்த மெஷின் இது. நாலு வருஷத்தில் ஏழெட்டு முறை திறந்திருப்பேன். பின்மூடி ஸ்க்ரூக்கள் தளர்ந்தாலும் கீழே விழாமல் மூடியிலேயே நிற்கும். அப்படி யோசித்துச் செய்தவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

வாங்கும்போதே பார்க்க வேண்டிய ஒன்று: ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போங்கள். முதல் கடையில் காட்டியது பாஸ்வேர்டு கேட்டது. "அது பழைய கம்பெனி போட்டதுக்கா, ஒண்ணும் பண்ணாது, விண்டோஸ் நல்லா ஓடும்" என்றார் கடைத் தம்பி. ஓடும்தான். ஆனால் அந்த சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இருக்கும்வரை பயாஸில் எதையும் நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அது அழியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாலு கடை தள்ளிப் போய்த்தான் இதை வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும், டைப்-சி போர்ட்டை இயக்கும் உள்மென்பொருளான தண்டர்போல்ட் ஃபர்ம்வேரைச் சரிபார்த்தேன். இந்தத் தலைமுறை திங்க்பேட்களுக்கு 2019-இல் வந்த அவசரத் திருத்தம் அது. என்னுடையதில் ஏற்கனவே போட்டிருந்தது. நீங்கள் வாங்கினால் இதை மறக்காமல் பாருங்கள்.

முதல் செலவு ரேம். இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 போட்டு 16 ஆக்கினேன். பிறகு சாட்டாவை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி, 500 ஜிபி. அதற்குத் தனி பிராக்கெட்டும் கேபிளும் வாங்க வேண்டும், அதுவும் பாதி வேகத்தில்தான் ஓடும், ஆனாலும் என் வேலைக்கு அது தாராளம்.

திரையை ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். அதைத்தான் முதலில் மாற்றியிருக்க வேண்டும். பழைய பேனலில் தலையைக் கொஞ்சம் அசைத்தாலே நிறம் மாறும். அதைவிடப் பெரிய தொல்லை எழுத்து. மெய்ப்பு பார்ப்பவர்களுக்குத் தெரியும், துணைக்காலுக்குப் பதில் 'ர' விழுந்திருப்பதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று. 'பாடல்' என்பதற்குப் பதில் 'பரடல்' என்று இருக்கும். பழைய ஃபைல்களில் பக்கத்துக்கு நாலு வரும். அந்த 1366 திரையில் ரகரத்தின் கால் இரண்டு பிக்சலாகச் சுருங்கிப் பக்கத்து எழுத்தோடு ஒட்டிவிடும். 150 சதவீதம் பெரிதாக்கி, ஒரு வரிக்கு இரண்டு முறை பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தேன்.

2023-இல் 14 அங்குல ஃபுல்ஹெச்டி ஐபிஎஸ் பேனல் வாங்கினேன், தலையை அசைத்தாலும் நிறம் மாறாத வகை. வெளிச்சம் 400 நிட்ஸ், விலை 5,200 ரூபாய். என் லேப்டாப்பின் திரைக் கேபிள் 30 பின் (இணைப்பு முனை) என்பதால் அதே மாதிரி 30 பின் பேனலாகப் பார்த்து எடுத்தேன். இதற்கு மேல் 1440 திரை வேண்டுமென்றால் 40 பின் கேபிளும் சேர்த்து வாங்க வேண்டும். பழைய சிம் கார்டால் சட்டத்தை நெம்பி, அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆன் செய்து, பாதியில் விட்டிருந்த ஃபைலைத் திறந்தேன். ரகரத்தின் கால் தனியாகத் தெரிந்தது. சாயங்காலம் தலைவலி வரவில்லை. இந்த லேப்டாப்புக்கு நான் செய்த செலவிலேயே நல்ல செலவு இதுதான்.

வைஃபை கார்டை ஏஎக்ஸ்210-ஆக மாற்றினேன், லெனோவோ கொடுக்காத கார்டு என்று மெஷின் தகராறு செய்யவில்லை. பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டைப் புதிதாக வைத்துத் தூசி தட்டியதில் விசிறிச் சத்தம் குறைந்தது.

பேட்டரி கதை பெரியது. நான் இருப்பது மதுரையில். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9-லிருந்து மாலை 5 வரை கரண்ட் இருக்காது. கொடுக்க வேண்டிய வேலை இருக்கும் நாளில்தான் அது வரும். கடையில் வாங்கும்போது வெளியே மாட்டியிருந்தது 24 வாட்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) சின்ன பேட்டரி. அதற்குப் பதிலாக விலை மலிவு என்று ஆன்லைனில் ஒரு 72 வாட்-அவர் போலிப் பேட்டரி வாங்கினேன். எட்டே மாதத்தில் 40 சதவீதம் காட்டும்போதே பொத்தென்று பூஜ்யத்துக்கு இறங்க ஆரம்பித்தது. பேட்டரியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அடுத்து ஒரிஜினல் வாங்கினேன், விலை ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அது இரண்டு வருஷமாகச் சிரமமில்லாமல் உழைக்கிறது. வெளிப் பேட்டரி முதலில் காலியாகும், பிறகு உள் பேட்டரி. நடுவில் வெளியில் இருப்பதைக் கழற்றி வேறு மாட்டினாலும் திறந்திருக்கும் ஃபைல் அப்படியே இருக்கும். இரண்டும் முழுசாக இருந்தால் என் வேலைக்கு இப்போதும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வருகிறது, மின்தடை நாளைத் தாண்டிவிடலாம். பெரிய பேட்டரி அடியில் புடைத்துக்கொண்டு நிற்கும், கனமும் கூடும். ஆனால் பின்பக்கம் உயர்ந்து விசைப்பலகை சரிவாக அமைவது என் மணிக்கட்டுக்கு நல்லதாகவே இருக்கிறது.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. எட்டாம் தலைமுறை பிராசஸர் என்பதால் இதில் விண்டோஸ் 11 முறையாகவே போடலாம். நான் 2023-லேயே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு வந்துவிட்டேன். பயாஸ் அப்டேட் கூட லினக்ஸிலிருந்தே ஆகிறது. டிஎல்பி என்ற சின்ன மென்பொருளில் இரண்டு பேட்டரியும் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும்படி வைத்திருக்கிறேன். மின்தடைக்கு முந்தின ராத்திரி மட்டும் நூறு வரை ஏற்றுவேன்.

விசைப்பலகையைப் போன வருஷம் மாற்றினேன். நான் அடிப்பது தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில். அதில் புள்ளி இருப்பது எஃப் விசையில். 'க்க', 'த்த' என்று ஒரே எழுத்து இரட்டித்தாலும், 'ந்த', 'ம்ப' என்று இன எழுத்து சேர்ந்தாலும் புள்ளி தானாக விழுந்துவிடும், இருந்தாலும் மற்ற மெய்யெழுத்துக்கெல்லாம் இடது ஆள்காட்டி விரல் அங்கேதான் போக வேண்டும். மூன்று வருஷத்தில் அந்த விசையில் எஃப் என்ற எழுத்தே அழிந்து, நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு. விரல் தடவிப் பார்க்கும் சின்ன மேடும் தேய்ந்துவிட்டது. பிறகு அழுத்தினால் சில சமயம் இரண்டு புள்ளி, சில சமயம் ஒன்றுமில்லை. பின்மூடியைக் கழற்றி இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தினால் விசைப்பலகையைத் தள்ளி மேல் பக்கமாக எடுத்துவிடலாம். நாடா கேபிளின் கொக்கி மட்டும் நகம் போல மெல்லியது, அவசரப்படக் கூடாது. திறப்பதற்கு முன் பயாஸில் உள் பேட்டரியை நிறுத்திவைக்கவும் மறக்கக் கூடாது. புதுசின் மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. ஒட்டினால் பார்த்து அடிக்கும் பழக்கம் வந்துவிடும்.

எனக்கு இருக்கும் ஒரே கவலை டைப்-சி சார்ஜிங் போர்ட். அது மெயின்போர்டிலேயே பற்றவைத்தது, ஆடினால் பெரிய செலவு. அதனால் மடியில் வைத்து வேலை செய்யும்போது சார்ஜர் மாட்டுவதே இல்லை. உள் பேட்டரி 24-இலிருந்து 15 வாட்-அவருக்கு இறங்கிவிட்டது. புதுசு வாங்கி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன், கையில் இருக்கும் நாவலின் மெய்ப்பை வியாழக்கிழமை கொடுத்துவிட்டு மாட்ட வேண்டும்.