பிடிக்கு எஸ்பிஎஸ் போதுமா, எஸ்இபிஎஸ் வேண்டுமா? பட்டறையில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

கோவையில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பட்டறை நடத்துகிறோம். கைக்கருவிப் பிடி, கிரைண்டர் கால் புஷ், மூடிகள் என்று ஸ்டைரீன் வகை டிபிஇ (ரப்பர் போல வளையும், சூட்டில் உருகும் பிளாஸ்டிக்) பல வருடமாக மெஷினில் ஓடுகிறது. எஸ்பிஎஸ்ஸும் எஸ்இபிஎஸ்ஸும் இந்த வகைதான். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஷோர் எண்ணையும் (எவ்வளவு மென்மை, எவ்வளவு கடினம் என்ற அளவு) கிலோ விலையையும் மட்டும் விசாரிக்கிறார்கள். டையிலிருந்து (அச்சிலிருந்து) வெளியே வரும்போது பொருள் எப்படி இருக்கும் என்பதை அந்த இரண்டும் சொல்லிவிடும். இரண்டு கோடை தாண்டி எப்படி இருக்கும் என்பது மூலக்கூறின் நடுப்பகுதியைப் பொறுத்தது.

இந்தக் குடும்பம் முழுவதற்கும் அமைப்பு ஒன்றுதான். சங்கிலியின் இரு முனையிலும் பாலிஸ்டைரீன், நடுவில் ரப்பர். முனைகள் ஒன்றுகூடிக் கெட்டியான முடிச்சுகளாகிவிடுவதால், வல்கனைஸ் செய்யாமலே ரப்பர் குணம் கிடைக்கிறது. சூடு 100 டிகிரியை நெருங்கும்போது முடிச்சு இளகத் தொடங்கும். மெஷினில் பொருளை உருக்கும் குழாயான பேரலில் இன்னும் சூடேற்றினால் பொருள் பாயும். ஆறினால் திரும்ப இறுகும். ரன்னரை (அச்சுக்குப் போகும் வழியில் இறுகி மிஞ்சும் துண்டை) அரைத்து மறுபடி ஹாப்பரில் போட முடிவது இதனால்தான். ஷெல் நிறுவனம் 1960-களில் கிரேட்டான் என்ற பெயரில் எஸ்பிஎஸ்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எஸ்பிஎஸ்ஸின் நடுவில் இருப்பது பாலிபியூட்டாடையீன். அதில் இரட்டைப் பிணைப்புகள் மிச்சமிருக்கின்றன. வெயிலும் ஓசோனும் அங்கேதான் தாக்கும். ஹைட்ரஜன் ஏற்றி அந்தப் பிணைப்புகளை நிரப்பிவிட்டால் எஸ்இபிஎஸ். விலை கூடுவதற்குக் காரணம் இந்தக் கூடுதல் வேலை.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க மொட்டை மாடி போதும். ஒரே டையில் அடித்த கறுப்புப் பிடிகளை, ஒன்று எஸ்பிஎஸ், மற்றொன்று எஸ்இபிஎஸ், மாடிச் சுவரில் கட்டிவிட்டோம். எஸ்பிஎஸ் பிடி முதலில் பளபளப்பை இழந்தது. பிறகு மேல்தோல் விறைத்தது. கடைசியில் வளைத்துப் பார்த்தால் வளைவின் முதுகில் குறுக்கே மயிரிழை வெடிப்புகள், நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. எஸ்இபிஎஸ் பிடி கொஞ்சம் வெளுத்ததோடு சரி. வளைத்தால் இன்றும் பழையபடி நிமிர்கிறது. தோட்டக் கருவி, சைக்கிள் பிடி போன்றவற்றுக்கு விலையைப் பார்த்து எஸ்பிஎஸ் கேட்டால் நான் ஆர்டர் எடுப்பதில்லை.

அதற்காக எஸ்பிஎஸ் மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் செருப்புக்காரர்கள் டிபிஆர் சோல் என்று சொல்வது பெரும்பாலும் இதுதான். தரையைப் பிடிக்கும், குளிரில் விறைக்காது, சோல் தேய்ந்து முடிவதற்குள் வெயில் அதைப் பெரிதாகக் கெடுத்துவிடாது. ரோட்டுத் தாரிலும் மாடி வாட்டர்ப்ரூஃபிங் ஷீட்டிலும் கலப்பதும் எஸ்பிஎஸ்தான். இதே குடும்பத்தின் இன்னொரு வகையான எஸ்ஐஎஸ் எங்கள் பட்டறைக்கு வந்ததில்லை. அது டேப்புக்கும் டயப்பர் பசைக்கும் போகிற சரக்கு.

எஸ்இபிஎஸ்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது பிபி (பாலிபுரோப்பிலீன்) மேல் ஓவர்மோல்டிங், அதாவது டையில் வைத்த பிபி துண்டின் (இன்சர்ட்) மேலேயே இதை அடிப்பது. காம்பவுண்டிலேயே பிபியும் வெள்ளை எண்ணெயும் கலந்திருப்பதால், பசை எதுவும் இல்லாமல் அடியோடு ஒட்டிவிடும். ஒட்டுதலைச் சோதிக்க ஓரத்தைக் கத்தியால் கிளப்பி, இடுக்கியால் இழுப்போம். சரியாக ஒட்டியிருந்தால் ரப்பர் நடுவில் கிழியும், ஒரு படலம் பிபியிலேயே தங்கும். சுத்தமாக உரிந்து வந்தால் மெல்ட் சூடு குறைவு, அல்லது இன்சர்ட்டில் சிலிக்கான் ஸ்ப்ரே பட்டிருக்கிறது. ஏபிஎஸ், நைலான் போன்ற வேறு பிளாஸ்டிக் மேல் அடிக்க அவற்றுக்கென்று தனி கிரேடு வேண்டும். நைலானுக்கான கிரேடை நன்றாக உலர்த்தாமல் போட்டால் மேலே வெள்ளிக் கோடு விழும்.

குறைகளும் உண்டு. பாரத்தில் நெடுநாள் அமுங்கிக் கிடந்தால் முழுதாக எழும்பி வராது. கிரைண்டர் கால் புஷ்ஷில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்: பாரம் தாங்கிய பக்கம் தட்டையாகி, கிரைண்டர் லேசாக ஆடும். சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஆகவே பம்ப் சீல், குக்கர் கேஸ்கெட் என்று யார் கேட்டாலும் இபிடிஎம் ரப்பர் அல்லது சிலிக்கானுக்கு அனுப்பிவிடுகிறேன். எண்ணெயும் ஆகாது. தண்ணீர், சோப்பு, லேசான அமிலம் எல்லாவற்றையும் தாங்குகிற பொருள், எண்ணெயில் ஊறிக் கிடந்தால் உப்பிக் கொழகொழத்துவிடும்.

வாங்கும்போது சப்ளையரிடம் மூன்றைக் கேளுங்கள்: அடிப்படைப் பாலிமர் எது, கலந்த சுண்ணாம்புத் தூள் எவ்வளவு, 70 டிகிரியில் கம்ப்ரெஷன் செட் (அமுக்கி விட்டபின் எழும்பாமல் தங்கும் அளவு) எவ்வளவு. மென்மையான கிரேடு என்றால் இரண்டு பிடிகளைக் காகிதத்தில் சுற்றிச் சில வாரம் வையுங்கள். காகிதத்தில் எண்ணெய்க் கறை பிடித்தால் அந்தக் காம்பவுண்டை எடுக்காதீர்கள்.