ஏற்காடு போனதும் வெளுத்துப்போன செக்கெண்ணெய்

சேலத்தில் மரச்செக்குக் கடலை எண்ணெய் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாமனாருக்கு ரத்தத்தில் கொழுப்பு (கொலஸ்ட்ரால்) கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் எண்ணெய்ப் பேச்சுதான். தாளிக்கக் கடலை எண்ணெய், இட்லிப்பொடிக்கும் புளிக்குழம்புக்கும் நல்லெண்ணெய், பலகாரம் சுட மட்டும் ரீஃபைண்ட் என்று பிரித்துக்கொண்டோம். (செக்கெண்ணெய் வாணலியில் நுரை கட்டிப் பொங்கும், பட்டிருக்கிறேன்.)

டவுனில் ஒரு கடை. வாசலில் வாகை மரச் செக்கு சுற்றிக்கொண்டிருந்தது, புண்ணாக்கு வாசம் ஆளைத் தூக்கியது. "கொலஸ்ட்ராலே இல்லாத எண்ணெய்ங்க அக்கா" என்றார் கடைக்காரர். கடுகோ தேங்காயோ, எந்தச் செடிகொடி எண்ணெயிலும் அது பேருக்குக்கூட இருக்காது. அப்போது எனக்கு உறைக்கவில்லை. லிட்டர் 190 ரூபாய். 5 லிட்டர் கேன் இரண்டு வாங்கினேன். ஊற்றியது செக்கடியிலிருந்து அல்ல, உள்ளே இருந்த பீப்பாயிலிருந்து. லேபிள் இல்லை, பில்லும் இல்லை. இப்படித் திறந்து ஊற்றி விற்கவே தடை இருக்கிறது.

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு விலையைக் கூட்டிப் பார்த்திருந்தாலே, 190 ரூபாய்க்கு அசல் எண்ணெய் கட்டாது என்று புரிந்து அன்றைக்குத் திரும்பி வந்திருப்பேன்.

மார்கழியில் ஒரு கேனை ஏற்காட்டில் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். காலையில் பார்த்தால் அடியில் பாதி, நெய் மாதிரி வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. அதே அலமாரியில் அம்மாவின் பாக்கெட் கடலை எண்ணெய் பளிங்கு போல் நிற்கிறது. திரும்பி வந்து கேட்டால், "குளிருக்கு எல்லா எண்ணெயும் அப்படித்தானுங்க அக்கா". தேங்காயெண்ணெய்க்கு அது சரி. கடலை எண்ணெய் அந்தக் குளிருக்கெல்லாம் உறையாது, பாமாயில் உறையும். அதைத்தான் கலந்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். கொலஸ்ட்ராலைக் கூட்டுகிற நிறைவுற்ற கொழுப்பு (saturated fat) கடலை எண்ணெயில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அதில். எந்த வியாதிக்குப் பயந்து செக்குக்கடை தேடிப் போனோமோ, அதற்கே தீனி.

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி நாமே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம், கலப்படம் என்று தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் பரிசோதிக்கப் போவதாகச் சொல்லியிருக்க வேண்டுமாம். எனக்கு அது தெரியாது.

இப்போது பருப்பை நானே வாங்கிப்போய் வேறு செக்கில் கூலிக்கு ஆட்டுகிறேன். செக்கு நிற்கும்வரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். புண்ணாக்கையும் விடுவதில்லை, எதிர்வீட்டு மாட்டுக்கு.