செராபிஸும் ஹெர்மனுபிஸும்: கலந்த விதம் வேறு

கிரேக்கமும் எகிப்தும் கலந்து உருவான தெய்வங்களில் செராபிஸுக்குத்தான் பேர் அதிகம். மெம்பிஸ் நகரில் இறந்த அபிஸ் என்ற புனிதக் காளையை, இறந்தோர் உலகின் தெய்வமான ஒசிரிஸோடு இணைத்து எகிப்தியர் முன்பே வணங்கிவந்தார்கள். அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட முதலாம் தாலமி அந்த வழிபாட்டுக்குக் கிரேக்க முகம் கொடுத்து வளர்த்தான். ஹெர்மனுபிஸின் கதை வேறு. இறந்தவரின் உயிருக்கு வழிகாட்டுவது கிரேக்க ஹெர்மிஸுக்கும் எகிப்திய அனுபிஸுக்கும் பொதுவான வேலை. ஒரே வேலை பார்த்த இருவர் ஒருவராகிவிட்டார்கள்.

சிலைகளைப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். செராபிஸ் சுருள்முடியும் அடர்ந்த தாடியுமாக, கிட்டத்தட்ட கிரேக்கரின் தலைமைத் தெய்வமான சீயஸ் போலவே இருப்பார். தலையில் மரக்கால் போன்ற தானிய அளவை, காலடியில் பாதாளத்தைக் காக்கும் மூன்று தலை நாய் கெர்பெரஸ். காளையின் சாயலைத் தேடினாலும் கிடைக்காது. வத்திக்கான் அருங்காட்சியகத்திலுள்ள பளிங்கு ஹெர்மனுபிஸுக்கோ நரித்தலை. உடுத்தியிருப்பது ரோமானிய ஆடை. ஒரு கையில் பாம்புகள் சுற்றிய ஹெர்மிஸின் கோல், மறு கையில் எகிப்தியக் கோயில்களில் குலுக்கும் கிலுகிலுப்பை. காதுகள் விறைத்து நிற்கின்றன. என் மனம் இந்தச் சிலையிடம்தான் நிற்கிறது. இதில் கிரேக்கம், எகிப்து என எந்தப் பக்கமும் மறைக்கப்படவில்லை.

செல்வாக்கில் செராபிஸுக்கு நிகரில்லை. மூன்றாம் தாலமி அலெக்சாந்திரியாவில் எழுப்பிய கோயில் கி.பி. 391 வாக்கில் இடிக்கப்பட்டது. அதற்கு முன்பே டெலோஸ் தீவு முதல் பிரிட்டனின் யார்க் வரை அவருக்குக் கோயில்கள் எழுந்திருந்தன.