கழற்றாத கியர்பாக்ஸுக்குக் கட்டிய பில்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு. கியர் விழும்போது வேகத்தைச் சமன் செய்யும் வளைய அமைப்புதான் சிங்க்ரோ. "சிங்க்ரோ போயிடுச்சு, பாக்ஸை இறக்கணும்" என்று பார்த்த மாத்திரத்தில் ஒருவர் சொன்னால், சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன்.

என்னுடையது 4 கியர் வண்டி. எஞ்சின் ஓடும்போது முதல் கியரும் ரிவர்ஸும் நறநறவென்று கத்திக்கொண்டுதான் விழும். எஞ்சினை அணைத்துவிட்டால் எல்லாமே சத்தமில்லாமல் விழும். இதை அந்தப் பட்டறையில் அப்படியே சொன்னேன். நோய் எங்கே என்பது அந்தப் பேச்சிலேயே இருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவர்களுக்குப் புரியாமல் இருந்திருக்காது.

ஆறு வாரம் கழித்து வண்டி வந்தது. பில்லில் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றிய கூலி, 4 சிங்க்ரோ ரிங், ஜி.எல்.-5 என்ற ரக கியர் ஆயில். பழைய ரிங்குகளைக் கேட்டேன். தேய்ந்த நான்கு பித்தளை வளையங்களை ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். சரி, நேர்மையானவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிவர்ஸ் அதே மாதிரிதான் கத்தியது. போதாததற்கு, இதுவரை ஒழுங்காக இருந்த மூன்றாவது கியரும் உரச ஆரம்பித்தது. போன் செய்தால், "புது ரிங் சார், ஓட ஓடப் பழகிடும்." பழகவில்லை.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன், வயதானவர். எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்து, ஐந்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டார். கத்தியது. "பாக்ஸைத் தொட வேண்டாம், கிளட்ச் முழுசா விடல" என்றார். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் முழுதாக விட்டிருந்தால் அந்த ஐந்து விநாடியில் உள்ளே சுற்றும் தண்டு நின்றுபோய், பல் பல்லோடு அமைதியாகச் சேர்ந்திருக்கும். சேரவில்லை என்றால் எஞ்சின் இன்னும் அதை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம்; யாரும் செய்யலாம்.

பெடலை மிதிக்கும்போது ராடைத் தள்ளி கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியதும் உள்ளிருந்து கிளட்ச் ஆயில் சொட்டியது. பெடலை மிதித்தால் ராடு கொஞ்சம்தான் நகர்ந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் கப்பையும் ஊறிப்போன ஹோஸையும் மாற்றி, உள்ளே புகுந்திருந்த ஏரை எடுத்தார். அரை நாள் வேலை. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.

மூன்றாவது கியருக்குக் காரணம் பில்லிலேயே இருந்தது. சிங்க்ரோ ரிங் உராய்வால்தான் வேலை செய்கிறது. கியரைப் பிடித்து வேகத்தைச் சமன் செய்ய வேண்டும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் ரிங்குக்குப் பிடிமானம் கிடைக்காது. ஜி.எல்.-5 ஆயிலில் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பற்களுக்கு நல்லது. பழைய பாக்ஸின் பித்தளைக்கு ஆகாமல் போகலாம். அதை வடித்துவிட்டு, வண்டியின் கையேட்டில் இருந்த கனத்திலேயே, அந்தச் சேர்மானங்கள் குறைவாக உள்ள ஜி.எல்.-4 ஊற்றினார். உரசல் பெரும்பாலும் போய்விட்டது.

வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர் என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும், அதை இறக்கக் கழற்றியே ஆக வேண்டிய பெல் ஹவுசிங் போல்ட்டுகளின் மேல் வருடக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் பாறையாக இறுகியிருந்தன; ஒன்றில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. ஆயில் வடிக்கும் பிளக் மட்டும்தான் பளபளத்தது. வண்டியை விடுவதற்கு முன்பே அந்த போல்ட்டுகளைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால், பட்டறையில் போய்ச் சண்டை போடவாவது கையில் ஒன்று இருந்திருக்கும். பிசுக்கு எப்போது படிந்தது என்று இப்போது நான் எப்படி நிரூபிப்பது?

பையில் இருந்த வளையங்களை அவரிடம் காட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பழைய பாக்ஸ்கள் பலவற்றில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது; வண்டி நகரும்போது முதல் கியர் போட்டால் கத்துவது அவற்றின் இயல்பு. என் வண்டியும் அந்த ரகம்தான். அதில் இருப்பதே மூன்று ரிங்.